பெயர் எழுதுதலும் பெயர் அழித்தலும்

வலையமைப்பில் இணைந்த கணினிகள் ஒன்றையொன்று ஐபி முகவரி எனப்படும் எண்ணால் அறிகின்றன. மனிதரோ அவற்றைப் பெயரிட்டு அழைக்க விரும்புவதால், எந்தப் பெயருக்கு எந்த எண் என்று காட்டும் பதிவேடு ஒன்று எங்கேனும் இருந்தாக வேண்டும். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் அப்பதிவேடு ஒற்றைக் கோப்பாக, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான குழுவினரால் பேணப்பட்டது. கணினிகள் பெருகியபோது, பதிவேட்டைப் பலரிடம் பகிர்ந்தளிக்கும் டிஎன்எஸ் என்னும் பெயர் முறையைப் பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வகுத்தார். ஆயினும் பதிவுகளை எழுதுவது மனிதர் வேலையாகவே நீடித்தது.

எண்கள் நிலையாக இருந்தவரை இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. டிஎச்சிபி என்னும் நெறிமுறை 1993-இல் தரப்படுத்தப்பட்டு, கணினிகளுக்கு எண்களைக் குறித்த காலத்துக்குக் குத்தகைக்கு விடும் வழக்கம் பரவியதும், இன்று எழுதிய பதிவு நாளை பொய்யாகும் நிலை வந்தது. எனவே 1997-இல் வெளியான ஒரு தரநிலை, டிஎன்எஸ் பதிவேட்டை இயங்கும்போதே திருத்த வழிசெய்தது. அதன்படி, கணினி எண் கேட்கும்போதே தன் பெயரையும் தெரிவிக்க, எண்ணை வழங்கும் கணினி அவ்விரண்டையும் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறது.

எழுதுவது இவ்வாறு எளிதாயிற்று; அழிப்பதுதான் இன்றும் தலைவலி. சொல்லாமல் வெளியேறிய மடிக்கணினியின் பெயர் ஏட்டில் தங்கிவிட, அதன் எண் வேறொரு கணினிக்குப் போய்ச் சேர்வதால், அழைப்பு தவறான இடத்தை எட்டுகிறது. விண்டோஸ் சர்வரில் பழைய பதிவுகளைத் துப்புரவு செய்யும் வசதி உண்டு. ஆனால் நிர்வாகி முடுக்கிவிடாதவரை அது இயங்குவதில்லை. பெயருக்கு உரியவர் யார் என்பதும் சிறிய கேள்வியன்று. இணையத்துக்குச் செல்லும் இடைவழியை உலாவிகள் 'டபிள்யூபேட்' என்ற பெயரில் தேடுவதுண்டு. அப்பெயரைச் சூடிப் பதிந்துகொள்ளும் எந்தக் கருவியும் பிறருடைய போக்குவரத்தைத் தன்பக்கம் திருப்பக்கூடும் என்பதால், விண்டோஸ் சர்வர் 2008 முதல் அப்பெயருக்கான கேள்விகளுக்கு அதன் டிஎன்எஸ் இயல்பாகவே விடையளிப்பதில்லை.

பதிவேட்டுக்காரரே இல்லாத வலையமைப்பும் இயலும். ஸ்டூவர்ட் செஷயரும் மார்க் குரோக்மலும் எழுதி 2013-இல் தரநிலையான எம்டிஎன்எஸ் முறையில், புதிதாக வரும் கருவி தான் விரும்பும் பெயர் பிறருடையதா என்று 250 மில்லிவினாடி இடைவெளியில் மும்முறை உரக்கக் கேட்டு, மறுப்பு வந்தால் வேறு பெயர் தேடிக்கொள்கிறது. ஒரே வகை அச்சுப்பொறிகள் இரண்டு இருக்கும் வீட்டில் ஒன்றின் பெயரோடு '2' ஒட்டிக்கொள்வது இதனாலேயே. முறையாக அணைக்கப்படும் கருவி விடைபெறும் செய்தியையும் அனுப்பிவிட்டுச் செல்கிறது. மின்செருகியை வெடுக்கென்று பிடுங்கினால் மட்டும், தரநிலை பரிந்துரைக்கும் 120 வினாடிகள் கழியும்வரை, இல்லாத அச்சுப்பொறியின் முகவரி மற்றக் கணினிகளின் நினைவில் நீடித்திருக்கும்.