கார்ட்டூன்தானே என்று விட்டுவிடலாமா?

(பிள்ளைக்காம்பராப் பெற்றோர் கூட்டத்தில் எமது நிதியத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



காலையிலிருந்து மலையில் நின்று கொழுந்தெடுத்துவிட்டு, வீட்டு வேலையையும் ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றிவளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு படம் போட்டுக் காட்டும்படி உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். "சண்டைப் படம் வேணாம், காதல் படம் வேணாம், ஒரு கார்ட்டூன் படமாப் பார்த்துப் போடுங்க" என்றீர்கள். ஸ்னோ வைட் படத்தின் பெயரும் வந்தது. போடுவதற்கு முன்னால் நாங்கள் அதை உட்கார்ந்து முழுவதுமாகப் பார்த்தோம். எங்களுக்குத் தோன்றியதை இப்போது உங்கள் முன் வைக்கிறோம்.

"ஸ்னோ வைட்டும் ஏழு குள்ளர்களும்" என்ற இந்தப் படம் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி தயாரித்தது. 1937 டிசெம்பர் 21ஆம் திகதி முதன்முதலில் திரையிடப்பட்டது. 83 நிமிடம் ஓடும். ஒவ்வொரு அசைவும் கையால் வரைந்தது. இதே கதையை நடிகர்களை வைத்து எடுத்த இன்னொரு படம் 2025இல் வந்தது. அது வேறு. நாம் பேசுவது பழைய சித்திரப் படத்தைப் பற்றி.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தாய் தகப்பன் இல்லாத ஒரு இளவரசி. சின்னம்மாதான் மகாராணி. பிள்ளைக்குக் கிழிந்த உடுப்பைக் கொடுத்துப் படிக்கட்டைக் கழுவ வைக்கிறாள். (கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன அக்கா உள்ள பிள்ளை இதைப் பார்த்து என்ன கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.) உன்னைவிட அவள்தான் அழகி என்று மாயக்கண்ணாடி சொன்னதும், பிள்ளையைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கொன்று, இருதயத்தைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவா என்று வேடனை அனுப்புகிறாள். வேடன் கத்தியை ஓங்குகிறான், மனம் வராமல் அழுகிறான், ஓடிவிடு என்கிறான். பிள்ளை ஏழு குள்ளர்களின் வீட்டில் தஞ்சம் புகுகிறது. மகாராணி கிழவி வேஷத்தில் வந்து நஞ்சு தடவிய ஆப்பிளைக் கொடுக்கிறாள்.

இப்படி வாயால் சொல்லும்போது நம் வீட்டுக் கிழவிகள் சொல்லும் கதை மாதிரித்தான் இருக்கிறது. அதில் வராத இராட்சசியா, வெட்டுக் குத்தா? ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கதை சொல்லும்போது இராட்சசி எவ்வளவு பெரியவள் என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கிறது. தாங்கக்கூடிய அளவுக்குத்தான் அது கற்பனை செய்யும். முகம் சுருங்கினால் அம்மாயியும் கதையைத் திருப்பிவிடுவாள். படம் அப்படித் திருப்பாது.

"கார்ட்டூன்னா சின்னப் பிள்ளைகளுக்குத்தானே" என்ற நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. 1938இல் பிரிட்டனின் தணிக்கைச் சபை இதே படத்துக்கு 'ஏ' சான்றிதழ் கொடுத்தது. அதாவது 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர்களுடன் வந்துதான் பார்க்க வேண்டும். இன்றைக்கு அங்கே அது எல்லோரும் பார்க்கலாம் என்ற 'யூ' வகையில் இருக்கிறது. சான்றிதழ்தான் மாறியதே தவிர, அந்தக் கிழவி மாறவில்லை. ஆகவே பெட்டியில் ஒட்டியிருக்கும் எழுத்தை மட்டும் நம்பி நம் பிள்ளையை உட்கார வைக்க முடியாது.

அந்தக் கிழவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிந்தியா ஹொஃப்னர், ஜோன் கேன்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு வயோதிப மாதைப் பற்றிய சிறு படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். சில பிள்ளைகளுக்குக் காட்டியதில் அவள் பார்க்க லட்சணமாக இருந்தாள், சிலருக்குக் காட்டியதில் அவலட்சணமாக இருந்தாள். நடத்தையிலும் அப்படியே, ஒன்றில் நல்லவள், ஒன்றில் கொடியவள். 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் அவளுடைய செய்கையைவிடத் தோற்றத்தை வைத்தே அவளை எடைபோட்டார்கள். வயது ஏற ஏறத்தான் "என்ன செய்கிறாள்" என்பதைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இதை ஸ்னோ வைட் படத்தோடு பொருத்திப் பாருங்கள். அழகான மகாராணி கொலைக்கு ஆளனுப்பும்போது சின்னப் பிள்ளை பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும். மருந்தைக் குடித்துத் தொண்டையைப் பிடித்து, கை எலும்பாகி, முடி வெளுத்து, கூன் விழுந்து, ஒற்றைப் பல்லோடு திரும்புகிறாளே, அங்கேதான் அலறும். நம் வீடுகளிலோ பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்? ஆயுள் முழுக்கக் கூடை சுமந்து முதுகு வளைந்த அப்பாயிதான். படம் பார்த்த அன்று ராத்திரி அப்பாயி பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று ஒரு மூன்று வயதுப் பிள்ளை அழுதால், அது அடம் இல்லை. அடிக்க வேண்டாம். அப்பாயியும் மனம் நோக வேண்டாம்.

காட்டுக் காட்சி இன்னொன்று. வேடனிடமிருந்து தப்பி ஓடும்போது மரக்கிளைகள் கைகளாகி உடுப்பைப் பிடிக்கின்றன, தண்ணீரில் கிடக்கும் கட்டைகள் முதலைகளாக வாயைத் திறக்கின்றன, இருட்டில் எங்கு பார்த்தாலும் கண்கள். மாலையானால் பனிமூட்டம் இறங்கும் லயத்தில், வெளியே கக்கூசுக்குப் போகும் வழியில் பெரிய மரங்கள் நிற்கும் இடத்தில் வளரும் பிள்ளைக்கு இது வெறும் படம் அல்ல. ஆனால் கவனியுங்கள். அந்தப் பிள்ளை விழுந்து அழுகிறது, கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வருகிறது, அந்தக் கண்களெல்லாம் முயலும் மானும் அணிலும் என்று தெரிகிறது. பயத்தைக் கிளப்பிய படமே பயத்தைத் தீர்த்தும் வைக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? பிள்ளை கத்தியதும் பட்டென்று போனைப் பிடுங்கி அணைத்துவிடுகிறோம். பிள்ளை அந்தக் கண்களோடேயே தூங்கப் போகிறது. அந்த இடத்தில் பிள்ளையை மடியில் தூக்கி வைத்து, இன்னும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, முயலைக் காட்டிவிட்டு நிறுத்துங்கள். நடுவில் கரண்ட் போனாலும் மிச்சக் கதையை வாயால் சொல்லி முடியுங்கள். முக்கியமாக, ஸ்னோ வைட் செத்துக் கிடக்கிற இடத்தில் கரண்ட் போனால்!

"இது சும்மா படம்டா, பொய்" என்று சொல்வது எட்டு வயதுப் பிள்ளைக்கு உதவும். நாலு வயதுக்கு அது ஏறாது. அதற்கு மடி வேண்டும், கையில் கடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும்.

அடுத்தது எங்களை அதிகம் யோசிக்க வைத்த விஷயம். பிள்ளை கேட்கப்போகும் முதல் கேள்வி, "அவங்க அம்மா எங்க?" என்பதுதான். படம் அதற்குப் பதில் சொல்வதில்லை. நம்மில் யாராவது "செத்துப் போயிட்டாங்க" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவோம். தாய் மத்திய கிழக்கில் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதற்கு வேறு மாதிரிச் சொல்ல வேண்டும். "கதையில அந்த அம்மா இல்ல. ஒங்க அம்மா இருக்காங்க, போன் எடுப்பாங்க" என்று சொல்லுங்கள்.

சின்னம்மா வளர்க்கும் பிள்ளைகளும் இந்தத் தோட்டத்தில் இருக்கிறார்கள். தான் பெறாத பிள்ளைக்குச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்பும் அந்தப் பெண்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு செய்தி. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் இந்தக் கதையை 1812இல் முதலில் அச்சிட்டபோது, பொறாமைக்காரி சின்னம்மா அல்ல, பெற்ற தாயேதான். 1819இல் வந்த பதிப்பில்தான் அவளை மாற்றாந்தாயாக்கினார்கள். பெற்றவள் இப்படிச் செய்வாளா என்ற சங்கடத்தைத் தீர்க்க, பழியை இன்னொருத்தி தலையில் கட்டிவிட்டார்கள். படம் முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் "ஒங்க சின்னம்மாவும் ஆப்பிள் குடுப்பாங்களா?" என்று கேலி செய்வார்கள். அதை அங்கேயே நிறுத்துவது பெரியவர்களின் வேலை.

கண்ணாடி விஷயமும் உண்டு. பனி போல வெள்ளையாக இருப்பவளே உலகத்தில் அழகி என்று கண்ணாடி சொல்கிறது. வெயிலிலும் மழையிலும் கறுத்த நம் பெண் பிள்ளைகள் அதைக் கேட்கிறார்கள். வீட்டில் நாமும் "கறுப்பி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் கண்ணாடிக்கு இரண்டு வாய் ஆகிவிடும். ஏழு குள்ளர்களின் உருவத்தைப் பார்த்துச் சிரிப்பதையும் அப்படியே விடக்கூடாது. உழைத்துச் சாப்பிடும் மனிதர்கள் அவர்கள். சுரங்கத்தில் வேலை முடித்து வரிசையாக வீடு திரும்பும் காட்சி நமக்கு மிகவும் பிடித்தது.

கடைசியில் வரும் முத்தத்தை வெட்டிவிடச் சொல்லி ஒரு அப்பா கேட்டார். அது ஒரு நொடிக் காட்சி. நாலு வயதுப் பிள்ளைக்கு அது அம்மா கொடுக்கும் முத்தம் மாதிரித்தான். பெரிய பிள்ளைகள் யாராவது, "தூங்கிற பிள்ளைக்குக் கேக்காம முத்தம் குடுக்கலாமா?" என்று கேட்டால் சந்தோஷப்படுங்கள். கூடாது என்று சொல்லுங்கள். கத்தியையும் நஞ்சையும் விட்டுவிட்டு முத்தத்தில் மட்டும் கத்தரிக்கோலை வைப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

நேரக் கணக்கையும் பார்த்தோம். 2 வயது நிறையாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் சொல்லியிருக்கிறது. இந்தப் படம் அதையும் தாண்டுகிறது.

ஆகவே இப்படிச் செய்கிறோம். 2 வயது நிறையாத பிள்ளைகளை அன்று கூட்டிவர வேண்டாம். பிள்ளைக்காம்பராவில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு முழுப் படமும் இல்லை. குள்ளர்கள் சாப்பாட்டுக்கு முன் கை கழுவப் படும் பாட்டையும், ராத்திரி ஆடிப்பாடும் காட்சியையும் மட்டும் காட்டுவோம். (கை கழுவ அதைவிட நல்ல பாடம் எங்களிடமும் இல்லை.) தரம் இரண்டுக்கு மேற்பட்டவர்களுக்கு முழுப் படம், இரண்டு நாளாகப் பிரித்து, பகல் வெளிச்சத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து. முதல் நாள் கை கழுவும் காட்சியோடு நிறுத்துவோம். மகாராணி உருமாறுவது அடுத்த நாள்தான். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு வீட்டுப் பெரியவர் ஒருவர் கட்டாயம் உட்கார வேண்டும். எழுந்து போக விரும்பும் பிள்ளையை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லக்கூடாது.

உங்கள் வீட்டில் அண்மையில் சாவு நடந்திருந்தால் முன்கூட்டியே எங்களிடம் தனியாக வந்து சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளைக்கு அன்று வெளியில் வேறு விளையாட்டு ஏற்பாடு செய்திருப்போம்.