கம்பிக்குக் கழுத்து விழும் நேரம்

வீடு கட்டுகிற இடத்தில் குவித்துப் போட்டிருக்கும் டி.எம்.டி. கம்பியைப் பார்த்திருப்பீர்கள். அதை இழுத்து அறுத்துப் பார்ப்பதுதான் இருபது வருடமாக என் வேலை.

16 மில்லிமீட்டர் கம்பியை இயந்திரத்தின் இரண்டு தாடைகளில் கவ்வவிட்டு இழுக்கிறோம். ஃபெ 500 தரம் என்றால் ஏறக்குறைய 10 டன் வரை, விசையை எடுத்ததும் பழைய நீளத்துக்கே வந்துவிடும். அதைத் தாண்டியதும் மேலே ஒட்டியிருக்கும் கறுப்புச் செதில் பொரிந்து உதிரும். இனி நீண்டது நீண்டதுதான்.

நேரம் குறைவு, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிடுகிறேன். விசை இன்னும் கொஞ்சம் ஏறி உச்சம் தொட்டதும், கம்பி ஒரே ஓரிடத்தில் மட்டும் ஒடுங்கும். கழுத்து விழுகிறது என்போம். அப்போது திரையில் விசை இறங்கும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள், "சார், கம்பி தளர்ந்துடுச்சு" என்பார்கள். இல்லையப்பா, கழுத்திலுள்ள எஃகு இறுகிக்கொண்டேதான் இருக்கிறது. இறுகுவதைவிட வேகமாக மெலிகிறது, அதனால் விசை குறைகிறது. இந்தக் கணக்கை 1885-லேயே சொன்னவர் கான்சிடேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர்.

இன்னொன்று கேளுங்கள். விரிசல் பிறப்பது கழுத்தின் உள்ளே, நட்டநடுவில். எஃகில் கலந்திருக்கும் நுண்துகள்களைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழிகள் திறந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, வெளிப்பக்கம் வருகின்றன. வெடிச்சத்தத்தோடு அறுந்தபின் பார்த்தால் ஒரு முனை கிண்ணம்போலக் குழிந்திருக்கும், மற்றது கூம்பிக்கொண்டிருக்கும். உடனே தொட்டீர்களானால் கை சுடும். இழுத்த வேலையில் பெரும்பங்கு சூடாகிவிடுகிறது.

பாலங்களின் கான்கிரீட்டில் இழுத்து இறுக்கிப் போடும் பிரீஸ்ட்ரெஸ் கம்பி இதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வலுவானது. பென்சில் தடிமன் போதும். ஆனால் நீளுவது குறைவு, சிறு காயத்தையும் பொறுக்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அந்தக் கம்பி ஒன்றில் நீளம் அளக்கப் போடும் புள்ளியை நான் ஆழமாகக் குத்திவிட்டேன். சரியாக அந்தப் புள்ளியிலேயே, கழுத்தே விழாமல் பட்டென்று அறுந்தது. சோதனையைத் திரும்பச் செய்தோம். அந்தத் துண்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது.

அடுத்த முறை கம்பி வாங்கும்போது சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள் நேயர்களே. வலுவுக்குப் பக்கத்திலேயே, அறுவதற்குமுன் கம்பி எவ்வளவு நீளும் என்று சொல்லும் நீட்சி சதவீதமும் இருக்கும். ஃபெ 500-க்குக் குறைந்தது 12, அதைவிட அதிகம் நீளும் ஃபெ 500டி தரத்துக்கு 16. அந்த எண்ணையும் ஒரு தடவை பார்த்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.