தகப்பன் தொழில் வருகிறது, தகப்பன் சான்றிதழ் வரவில்லை

(தாராவிக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைக்குத் தகப்பன் விட்டுப் போகும் சொத்து எது என்று கேட்டால் நிலம், நகை, வீடு என்பார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி வந்த நம் பாட்டன்மார் அப்படி எதையும் மூட்டை கட்டிக் கொண்டுவரவில்லை. தோல் ஷாப்பில் சேர்ந்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் கை கால் வெந்தது. மகன் வளர்ந்ததும் மேஸ்திரியிடம் சொல்லி அவனையும் அங்கேயே சேர்த்துவிட்டார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தெரிந்த வாசல் அது ஒன்றுதான். வக்கீல் மகன் வக்கீலாவதும் இப்படித்தானே? அவன் தகப்பனுக்குத் தெரிந்த வாசல் கோர்ட்டு வாசல்.

தொழில் மட்டுமல்ல, பயமும் வருகிறது. ரேஷன் ஆபீசுக்குப் போகும்போது மராத்தி தெரியும் என்று பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகிறோம். குமாஸ்தா முன்னால் அப்பா கை கட்டி நிற்பதை அது பார்க்கிறது. "இன்றைக்குப் போய் நாளைக்கு வா" என்றதும் வாய் திறக்காமல் திரும்புவதையும் பார்க்கிறது. எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தராத பாடம் அது, ஆயுளுக்கும் மறக்காது.

சரி, இப்படித் தலைமுறை தலைமுறையாக வரும் தாழ்வை அறுக்கத்தானே டாக்டர் அம்பேத்கரும் மற்றவர்களும் போராடி இடஒதுக்கீட்டைச் சட்டத்தில் வைத்தார்கள்? அது நம் பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை? அரசியல் சட்டத்தின் 341-வது பிரிவு, பட்டியல் சாதிகளை ஒவ்வொரு மாநிலத்தையும் பொறுத்தே அறிவிக்கச் சொல்கிறது. ஆந்திராவிலிருந்து சிறு வயதில் தகப்பனாரோடு பம்பாய் வந்த ஒரு பழங்குடி மாணவர் இங்கே மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கேட்டார். உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-இல் இல்லை என்றுவிட்டது. இரண்டு மாநிலப் பட்டியலிலும் சாதிப் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் செல்லாது என்று 1994-இல் இன்னொரு தீர்ப்பு. 2018-இல் டெல்லியில் உள்ளவர்களுக்கு மத்தியப் பணிகள் அளவில் ஒரு கதவு திறந்தது. மற்ற மாநிலங்களில் நிலைமை பழையபடிதான்.

மாநிலம் மாறினால் சமூகச் சூழ்நிலையும் மாறும் என்பது கோர்ட்டின் வாதம். தாராவிக்கு வந்ததும் நம் சூழ்நிலை மாறியதா? ஊரில் எந்தச் சாதி தோலைத் தொட்டதோ, அதே சாதிதான் இங்கேயும் தோலைத் தொட்டது. சாதி ரயிலில் டிக்கெட் இல்லாமலே வருகிறது. சான்றிதழை மட்டும் எல்லையில் இறக்கிவிடுகிறார்கள்.

மத்திய அரசு வேலைக்கும் சொந்த மாநிலத்துக்கும் நம் சான்று செல்லும் என்கிறார்கள். ஊரையே பார்க்காத பிள்ளை எந்த மாநிலத்தைச் சொந்தம் என்று சொல்வது?

ஒரு காரியம் நம் கையில் இருக்கிறது. 10-8-1950-க்கு முன்பே குடும்பம் இங்கே குடியேறிவிட்டது என்று காட்ட முடிந்தவர்களுக்கு வழி உண்டு. பாட்டனாரின் பள்ளிச் சான்று, வாக்காளர் பட்டியல், வாடகை ரசீது, பழைய சம்பளச் சீட்டு, எதுவானாலும் தேடுங்கள். மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்குக் கீழே எத்தனை குடும்பத்தின் சரித்திரம் கரைந்து போயிற்று! படித்தவன் வீட்டில் காகிதத்தைப் பீரோவில் வைப்பார்கள். நாம் அதில் வடை மடித்திருப்போம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது சாதிப் பத்தியை வெறுமனே விடாதீர்கள். வெட்கப்பட்டு விட்டவர்கள் பிறகு தாசில்தார் ஆபீசில் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

1950-க்குப் பின் வந்தவர்கள்தான் நம்மில் அதிகம். அவர்களுக்குக் காகிதம் உதவாது. பட்டியலைத் திருத்தும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் இதைத்தான் கேட்க வேண்டும். தண்ணீர்க் குழாயோடு நிறுத்தக் கூடாது. மனு தயாராக இருக்கிறது. வரும் ஞாயிறு காலை கிளை அலுவலகத்தில் கையெழுத்து வாங்குகிறோம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதை அவர்களும் பார்க்கட்டும்.