வேலை முடிந்த பொருளும் முடியாத பொருளும்

(அந்தமான், ஷாதிபூரில் நடைபெற்ற அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கையால் மணி செய்து மாலை கோப்பது, பழைய புத்தகத்தைக் கலைப்பொருளாக மாற்றுவது ஆகிய இரண்டைப் பற்றியும் பேசும்படி நம் மாதர் பிரிவினர் கேட்டுக்கொண்டார்கள். "இது மாமிகள் சமாசாரம் ஆயிற்றே, எழுபதைத் தாண்டிய மாமாவுக்கு இதில் என்ன வேலை?" என்று சிலருக்குத் தோன்றலாம். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவரை காகிதங்களை நூலில் கோத்துக்கொண்டிருந்தேன். ரிடையரான பிறகு மணிகளைக் கோக்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் நிறத்தைப் பற்றி. நான் செய்கிற எதிலும் பளீரென்ற சிவப்போ பச்சையோ இருக்காது. மணல் நிறம், சாம்பல், பழுப்பு, தந்த வெள்ளை, கறுப்பு, இவ்வளவுதான். "மங்களகரமாக ஏதாவது சேர்க்கக்கூடாதோ?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஆத்துப் பூஜை அறையை ஒரு தரம் பாருங்கள். ருத்ராக்ஷம் ஒரு மரத்தின் விதை. அதன் பழுப்பு இயற்கையானது. துளசி மணி காய்ந்த தண்டின் நிறம். ஸ்படிகம் நிறமே இல்லாத குவார்ட்ஸ் கல். நம் பெரியவர்கள் ஜபத்துக்குக் கையில் எடுத்த மணிகளில் ஒன்றுக்கும் சாயம் பூசவில்லை. அடங்கிய நிறம் நமக்குப் புதிது அல்ல.

தமிழ் தேசத்துக்கு மணித்தொழிலும் புதிது அல்ல. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே கண்ணாடி மணிகள் ஏராளமாகச் செய்யப்பட்டது இன்று உலகம் அறிந்த விஷயம். ஈரோட்டுப் பக்கம் கொடுமணலில் கல்லை அறுத்து, தேய்த்து, துளையிட்டு மணி செய்திருக்கிறார்கள்.

இந்தத் தீவுகளின் ஆதிகுடிகள் இன்னும் சுலபமான வழியைக் கண்டுபிடித்தார்கள். யானைத் தந்தம் போல வளைந்த, குழல் வடிவமான ஒரு சின்னச் சிப்பி கடலில் உண்டு. டென்டேலியம் என்பது அதன் சாஸ்திரப் பெயர். இரண்டு முனையும் இயற்கையிலேயே திறந்திருப்பதால் துளை போடவே வேண்டாம். அதை அந்தமானியர் அப்படியே நாரில் கோத்து அணிந்தார்கள். 1906 முதல் 1908 வரை இங்கே தங்கி ஆராய்ந்த ராட்கிளிஃப் பிரவுன், 1922-ல் வெளியிட்ட நூலில் அவர்களுடைய அணிகலன்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நம் ஊர் மானிடவியல் அருங்காட்சியகத்தில் தீவுவாசிகளின் அணிகலன்களை நேரிலேயே பார்க்கலாம். வெளியூர் உறவினர் வந்தால் கடற்கரையோடு நிறுத்தாமல் அங்கேயும் அழைத்துப் போங்கள்.

"அப்படியானால் நாமும் சிப்பி பொறுக்கி மாலை செய்யலாமா?" என்று அடுத்த கேள்வி வரும். கூடாது என்பதே என் பதில். இதற்குச் சட்டக் காரணம் ஒன்றும், விஞ்ஞானக் காரணம் ஒன்றும் உண்டு.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001-ல் கற்பவளங்களும், நாட்டிலஸ், ராட்சதச் சிப்பி முதலான சில இனங்களும் சேர்க்கப்பட்டன. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டபோதும் பாதுகாப்பு தொடர்ந்தது. பவளம் செத்துக் கரை ஒதுங்கியது என்றாலும் சட்டத்தில் விலக்கு கிடையாது. பேரனுக்காகப் பையில் போட்டுக்கொண்ட ஒரு துண்டு, விமான நிலையச் சோதனையில் தாத்தாவைத் தலைகுனிய வைத்துவிடும். சிப்பிப் பொருள் வேண்டுமென்றால் சாகரிகா போன்ற அரசு விற்பனை நிலையத்தில் வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விஞ்ஞானக் காரணம் சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாயங்காலம் நம் கடற்கரையில் சற்று நேரம் உட்கார்ந்தால் ஒரு சங்கு தானாக நகர்வதைப் பார்க்கலாம். உள்ளே இருப்பது துறவி நண்டு. அதன் வயிற்றுப் பாகம் மிருதுவானது, ஓடு கிடையாது. செத்த நத்தையின் காலி ஓட்டுக்குள் புகுந்துதான் அது உயிர் வாழ்கிறது. உடம்பு வளர வளரப் பெரிய வீடு தேடும். நாம் "சும்மா கிடக்கிறது" என்று எடுக்கிற ஓடு, ஒரு ஜீவனுக்கு நாளைய வீடு. யாருமே குடி வராவிட்டாலும் அந்த ஓடு உடைந்து தேய்ந்து கரையின் மணலாகிறது. ஆக, அதன் வேலை இன்னும் முடியவில்லை.

என் கைவேலைக்கு நான் வைத்துக்கொண்ட ஒரே விதி இதிலிருந்து வந்தது. வேலை முடிந்த பொருளை எடுக்கலாம், முடியாத பொருளைத் தொடக்கூடாது.

வேலை முடிந்த பொருளுக்கு நம் ஆத்தில் பஞ்சமா? தேங்காய் துருவியபின் மிஞ்சும் கொட்டாங்கச்சி முதல் உதாரணம். வெளி நாரைச் சுரண்டிவிட்டு, சிறு ரம்பத்தால் சில்லுகளாக அறுத்து, நடுவில் துளை போட்டு, உப்புத்தாளால் முதலில் முரடாகவும் பிறகு நைஸாகவும் தேய்க்க வேண்டும். தூசி மூக்கில் ஏறாமல் ஒரு துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தால் காப்பிக்கொட்டை நிறத்தில் மின்னும். தச்சர் ஒதுக்கிப்போட்ட படாக் மரத் துண்டு கிடைத்தால் செம்பழுப்பு மணி ஆகும்.

மூன்றாவது காகித மணி. பழைய காகிதத்தை அடியில் அரை அங்குலம், நீளம் எட்டு அங்குலமுள்ள முக்கோணமாக வெட்டி, அகன்ற பக்கத்திலிருந்து ஒரு தென்னங்குச்சியில் இறுக்கிச் சுருட்டி, நுனியை ஒட்டினால் நடுவில் பருத்த மணி கிடைக்கும். காய்ந்ததும் வார்னிஷ் பூசலாம். அச்செழுத்துகள் சாம்பல் கோடுகளாகத் தெரியும். போன வருஷத்துப் பஞ்சாங்கமும், காலாவதியான ரயில்வே அட்டவணையும் இதற்கு உத்தமம்.

மழை அதிகமான இந்த ஊரில் ஒரு எச்சரிக்கை. மைதாப் பசை பூஞ்சைக்கும் பூச்சிக்கும் விருந்து. பைண்டு செய்கிறவர்கள் பசையில் துளி மயில்துத்தம் சேர்ப்பது இதற்காகத்தான். அது விஷம், குழந்தைகள் இருக்கும் ஆத்தில் வேண்டாம். கடையில் விற்கும் வெள்ளைப் பசையே போதும்.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். புத்தகத்தில் கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வம்சம் நாம். சரஸ்வதி பூஜையில் அடுக்கி வணங்குவதைக் கத்தரிக்கலாமா என்று மனசு கூசுவது நியாயமே. மேல்நாட்டில் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் டாம் பிலிப்ஸ் என்ற ஓவியர் 1966-ல், 1892-ல் வெளியான ஒரு மறந்துபோன நாவலை மூன்று பென்னிக்கு வாங்கினார். ஒவ்வொரு பக்கத்திலும் சில சொற்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதன்மேல் சித்திரம் தீட்டினார். 'எ ஹ்யூமுமென்ட்' என்ற அந்த வேலையைத் திருத்தித் திருத்தி 2016-ல்தான் முடித்தார்.

நாம் செய்யக்கூடிய எளிய முறை இது. கெட்டி அட்டைப் புத்தகத்தில் இரண்டு தாளுக்கு ஒன்றைக் கிழித்துவிட்டால், ஒட்டும்போது முதுகு பருக்காது. மிச்சத் தாள்களை நாலைந்தாகச் சேர்த்து ஒட்டுங்கள். வெள்ளைச் சாயத்தை நீர்க்கக் கரைத்து மெல்லப் பூசினால் எழுத்து மங்கலாகத் தெரியும். பிடித்த சொற்களை மட்டும் பூசாமல் விடுங்கள். பழுப்பு வேண்டுமென்றால் இரண்டாம் டிகாக்ஷன் போதும், முதல் டிகாக்ஷன் நமக்கு வேண்டியிருக்கிறதே! நன்றாக உலர்ந்தபின், நடுத் தாள்களில் சதுரமாகக் குழி வெட்டினால் மாலையை வைக்கும் பெட்டி ஆயிற்று. கிழித்த தாள்களே மணிகளாகிவிடும்.

எந்தப் புத்தகத்தை வெட்டுவது என்பதில்தான் நிதானம் வேண்டும். இன்று பல ஆத்துகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பெரியவர் காலமானதும் ஃபிளாட்டைக் காலி செய்ய வருகிறவர்களுக்குக் கிடைப்பது பத்து நாள் லீவு. அலமாரி மொத்தமும் கிலோ கணக்கில் போய்விடுகிறது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடிய காலத்தில் ஏடுகள் ஆற்றோடும் தீயோடும் போயிருந்தன. அவற்றை அப்படி அனுப்பியவர்களும் படித்த குடும்பத்தினர்தான். அவர்களுக்கும் அது பழைய குப்பையாகத்தான் தெரிந்திருக்கும்.

ஆகவே கத்தரியை எடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதே நூல் வேறு இடத்தில் கிடைக்குமா? ஓரத்தில் யாராவது கையால் குறிப்பு எழுதியிருக்கிறார்களா? இதை இன்னும் படிக்கக்கூடியவர் ஒருவராவது உண்டா? கிடைக்காது என்றாலும், குறிப்பு இருந்தாலும், படிப்பவர் இருந்தாலும் தொடாதீர்கள். கிரந்த லிபி ஏடுகள் இருந்தால் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பழைய தமிழ் அச்சுப் புத்தகங்களுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது.

என் தகப்பனாரின் புத்தகங்களை இந்த முறையில்தான் மூன்று அடுக்காகப் பிரித்தேன். படிக்கத் தகுந்தவை பள்ளிக்கூடத்துக்குப் போயின. செல்லரித்து எழுத்தே போனவை என் மேஜைக்கு வந்தன. மூன்றாவது அடுக்கில் ஒரு ஆல்ஜீப்ரா பாடப் புத்தகம். விலை போகாது, கணக்குகளும் பழசு. ஆனால் ஓரமெங்கும் அவர் பென்சிலால் எனக்கு விடை போட்டுக் காட்டியிருக்கிறார். அதன் காகிதம் அருமையான தேன் நிறம். மணிக்கு வெகு அழகாக இருக்கும். மரக்கூழில் உள்ள லிக்னின் காற்றும் வெளிச்சமும் பட்டு அந்த நிறத்துக்கு மாறியிருக்கிறது. இன்னும் சில வருஷங்களில் தாள் அப்பளமாக நொறுங்கும் என்பதும் ரசாயனம் படித்த எனக்குத் தெரியும். இருந்தும் வெட்டவில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துப் பேத்திக்கு அனுப்பினேன். அவள் அதில் இரண்டு கணக்குகளைப் போட்டுப் பார்த்து, "கொள்ளுத்தாத்தா வழி சுருக்கமா இருக்கு" என்றாள். அந்தப் புத்தகத்தின் வேலை இன்னும் முடியவில்லை.

உங்கள் ஊரில் உங்கள் ஆத்து அலமாரியையும் இந்தக் கண்ணோடு ஒரு தரம் பாருங்கள். நாம் இருக்கும்போதே பிரித்து வைத்து, எது யாருக்கு, எது கத்தரிக்கு என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டால், பத்து நாள் லீவில் வருகிற பிள்ளைகளுக்குச் சிரமம் குறையும். மணி கோக்கப் பழக விரும்புகிறவர்கள் ஷாதிபூர் வந்தால் கொட்டாங்கச்சியும் உப்புத்தாளும் நான் தருகிறேன். பொறுமையை மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.