எல்லை அறிந்த எண்



பல்லாண்டுகள் கணக்குப் பாடம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். 255 உடன் 1 கூட்டினால் 256 என்று எழுதாத மாணவனுக்கு மதிப்பெண் அளித்ததில்லை. ஆயினும், விடை 0 என்பதே பொருந்தும் இடமும் உண்டு என்பதை என் பேரனிடம் கற்றேன்.

1980 ஆம் ஆண்டில் ஜப்பானிய நாம்கோ நிறுவனம் பாக்-மேன் என்னும் விளையாட்டுப் பொறியை வெளியிட்டது. அதிலிருந்தது எட்டு பிட் செயலி. எட்டு பிட்டுகளில் 0 முதல் 255 வரையே எழுத இயலும். மேலும் ஒன்று கூட்டினால், மைல்மானி 99999 க்குப் பின் 00000 காட்டுவதுபோல, எண் 0 ஆகிவிடும்.

அவ்விளையாட்டின் 256 ஆம் நிலையை எட்டியவர்கள் திரையின் வலப்பாதி சிதைந்திருக்கக் கண்டனர். காரணம் யாது? நிலைகளை 0 இலிருந்து எண்ணுவதால், அப்போது எண்ணிக்கை 255. கனிகளை வரையும் பகுதி அதனுடன் 1 கூட்டுகிறது, 0 கிடைக்கிறது. அது 8 ஐவிடக் குறைவு என்று கொண்டு வரையத் தொடங்குகிறது. ஒரு கனியை வரைந்த பின்னரே எண்ணிக்கையில் ஒன்று கழிப்பதால், 0 மீண்டும் 255 ஆகிறது. இவ்வாறு 256 முறை வரைய முற்படுவதால் திரையின் வலப்பாதி சிதைகிறது.

இப்பொறியைப் போல் நடிக்கும் நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுத என் பேரன் முற்பட்டான். அம்மொழியில் முழு எண்ணுக்கு நினைவகமே எல்லை. எனவே 255 உடன் 1 கூட்ட 256 வந்தது. திரை பழுதின்றித் தோன்றியது. கணக்கு சரி, நடிப்புப் பொய்த்தது!

தீர்வு என்ன? எட்டு பிட் எண்ணுக்கென ஓர் இனக்குழுவை வகுத்தல். அதில் ஒரு மதிப்பை வைத்து, கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகியவற்றுக்கு நாமே முறை எழுதவேண்டும். ஒவ்வொரு செயலின் விடையையும் 256 ஆல் வகுத்து, மீதியை மட்டும் புதிய எண்ணாகத் தரவேண்டும். பைத்தானில் -1 ஐ 256 ஆல் வகுத்தால் மீதி 255. ஆகவே கழித்தலும் பொருந்திவிடும்.

கணக்கின் இறுதியில் ஒருமுறை மீதி கண்டால் போதாதா என நீங்கள் வினவலாம். கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் மட்டுமெனில் போதும். இடையில் ஓர் ஒப்பீடோ வகுத்தலோ வந்தால் போதாது. '8 ஐவிடக் குறைவா?' என்ற கேள்விக்கு 256 ஒரு விடை தரும். 0 வேறு விடை தரும். ஆதலின் ஒவ்வொரு படியிலும் எல்லையைக் காத்தல் வேண்டும். அப்பொறுப்பை நம் நினைவுக்கு விடாமல், எண்ணுக்கே அளிப்பதுதான் இனக்குழுவின் பயன்.

ஒன்றை உள்ளபடி காட்ட விரும்புவோர் அதன் குறையையும் உள்ளபடி காட்டவேண்டும் அன்றோ?