சரிவுக் காலத்து ஐந்தொகை



பொருளாதார மந்தத்தில் ஒரு நிறுவனத்தை நடத்துவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இப்போதெல்லாம் இந்தப் பேச்சை 2008-இல், லேமன் பிரதர்ஸில் தொடங்குவது வழக்கம். நான் பர்மாவில், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய ரங்கூன் மொகல் தெருவுக்குப் போகிறேன். 1930-களில் அங்கே சிக்கியவர்கள் தொழில் தெரியாதவர்கள் அல்லர். சிக்கனத்திலும் கணக்கிலும் இந்தியாவில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவர்கள் எப்படி மாட்டிக்கொண்டார்கள் என்பதுதான் நமக்குப் பயன்படும்.

1929-30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்கில், அங்கே நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் சுமார் 1,650. அவற்றில் புழங்கிய பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று குழு மதிப்பிட்டது. ஐராவதி டெல்டாவின் காட்டையும் சதுப்பையும் நெல்வயலாக்கிய பர்மிய உழவருக்குக் கிடைத்த கடனில் பெரும்பகுதி இந்தக் கடைகளிலிருந்து போனது.

கடை நடந்த விதத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்துபவர் மேலாள். பொதுவாக மூன்று வருடக் கணக்குக்குப் போவார். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். போட்ட பணம் முழுவதும் முதலாளியுடையது அல்ல. உறவுக்காரர் பணம், பெண்களின் சீதனப் பணம், கோயில் பணம், வேறு கடைக்காரர் பணம் எல்லாம் தவணை என்ற பெயரில் இரண்டு மூன்று மாதக் கெடுவில் வந்து விழும். வங்கிகளிடமும் வாங்குவார்கள். கடைகள் தமக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு நடப்பு வட்டியை மாதந்தோறும் ரங்கூன் கோயிலில் கூடி நிர்ணயித்தார்கள். இந்தக் குறுந்தவணைப் பணம் போய் முடிந்த இடம், வருடத்துக்கு ஒரு அறுவடை தரும் வயல். விலை நன்றாக இருந்தவரை யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தவணை புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது.

1930-இன் கடைசியில் நெல் விலை சரிந்தது. சில ஆண்டுகளுக்குள் அது பழைய விலையில் பாதிக்கும் கீழே போய்விட்டது. உழவரால் அசல் இருக்கட்டும், வட்டியே கட்ட முடியவில்லை. வங்கிகள் கையைச் சுருக்கின. தவணை போட்டவர்கள் பணத்தைக் கேட்டார்கள்.

இனி ஒரு மேலாளின் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு உழவருக்கு 1,000 ரூபாய் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஈடாக எழுதிய நிலம் அன்று 1,500 பெறும். இன்று 600-க்கும் வாங்க ஆளில்லை. அவர் முன்னால் இரண்டு வழி. ஒன்று, கிடைத்ததை வாங்கிக்கொண்டு மிச்சத்தை நஷ்டத்தில் எழுதுவது. மற்றது, நிலத்தையே கடனுக்குக் கிரயமாக வாங்கிக்கொண்டு பேரேட்டில் 1,000 என்று எழுதுவது. முதல் வழியில் மூன்று வருடக் கணக்கு முடியும்போது அவர் ஊர் திரும்பி முதலாளி முகத்தில் எப்படி விழிப்பார்? இரண்டாவது வழியில் ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, பிசகில்லாமல் பொருந்திப் போகும். நிலத்தை விற்கும் பாடு அடுத்த மேலாளுக்கு.

ஏறக்குறைய எல்லாக் கடையும் இரண்டாவது வழியில்தான் போயிற்று. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-இல் 6 விழுக்காடு. 1937-இல் அது 25 விழுக்காடு. நிலம் பிடிக்கத்தான் கடல் கடந்தார்கள் என்று பின்னால் அரசியல் மேடைகளில் பேசினார்கள். அது சரியல்ல. பணம் சுழல்வதுதான் வட்டிக்கடைக்கு உயிர். நிலம் அவர்களுக்குச் சுமை. ஆனால் நிலத்தை இழந்த உழவருக்கு இந்த விளக்கம் எதற்கு? 1930 டிசம்பரில் தாராவதியில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி வெடித்ததற்கு வரி, விலைச்சரிவு, கடன் எல்லாம் காரணம். நிலம் கை மாற மாற, கோபம் கண்ணெதிரே இருந்த கடைக்காரர்மேல் திரும்பியது. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். 1948-இல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. பேரேட்டில் 1,000 என்று நின்ற நிலம் கடைசியில் என்ன பெற்றது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

நம் காலத்து வங்கிகள் செய்ததும் இதற்கு வெகுதூரம் இல்லை. திரும்பாத கடனுக்கு மறுசீரமைப்பு என்று பெயர் வைத்து, அதை நல்ல கடன் வரிசையிலேயே நிறுத்தி வைத்தார்கள். 2015-இல் ரகுராம் ராஜன் ஆளுநராக இருந்தபோது ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வு நடத்தியது. மூடியிருந்ததெல்லாம் வெளியே வந்தது. 2018 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 11 விழுக்காட்டைத் தாண்டியது. ஆய்வுதான் வங்கிகளைக் கெடுத்தது என்று அப்போது சிலர் எழுதினார்கள். காய்ச்சலுக்கு வெப்பமானியைக் குறை சொன்ன கதை அது.

சரி, தப்பித்தவர்கள் யார்? பர்மாவின் மௌல்மீனில் 1900-இல் வட்டிக்கடையாகத் தொடங்கிய முருகப்பா குடும்பம், இரண்டாம் உலகப் போருக்கு முன்பே 1930-களில் மூலதனத்தைத் தாயகத்துக்குக் கொண்டுவந்து, இரும்பு மேசை நாற்காலி, பிறகு சைக்கிள் என்று தொழிலுக்குத் திருப்பியது. விலை தேறும்வரை காத்திருக்காமல் கிளம்புவது பார்க்க அவமானம்போல இருக்கும். மந்தத்தில் தலைவருக்கு வேண்டிய துணிச்சல் அங்கேதான் என்பது என் கருத்து. ஆள்குறைப்பு செய்வதைத் துணிச்சல் என்று இப்போது பத்திரிகைகள் எழுதுகின்றன. அதை யாரும் செய்யலாம். நஷ்டம் அடுத்தவர் தலையில் விழுகிறது.

அதே சமூகத்தைச் சேர்ந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் பிடித்த வழி வேறு. அவர் பர்மாவை விடவில்லை. 1937 பிப்ரவரி 10-இல், முப்பது வயதுகூட ஆகாத நிலையில், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார்; காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில். அவர் மாற்றியது அமைப்பை. விலாசம் என்ற குடும்பப் பெயரில் நடந்த கடையில் கடனுக்குக் குடும்பச் சொத்து முழுவதும் பொறுப்பு. வீடும் நகையும் உட்பட. வரையறுக்கப்பட்ட கம்பெனியில் பங்குதாரர் போட்ட பங்கோடு பொறுப்பு தீர்ந்தது. மறு வருடமே, 1938-இல், திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி முறிந்து தென்னாட்டையே கலக்கியது. ஒரு வயது நிறைந்து அதிக நாள் ஆகாத இந்தப் புது வங்கி அந்தக் கலக்கத்தையும் தாண்டி நின்றது. 1963-இல் பர்மா அரசு வங்கிகளை நாட்டுடைமையாக்கியபோது இந்த வங்கியின் அங்குள்ள கிளைகளும் போயின. அந்த இழப்பு வங்கியின் கணக்கோடு நின்றது. அதற்காகப் பங்குதாரர் யார் வீட்டுக் கதவையும் யாரும் தட்ட முடியவில்லை.