சோதிப்பவரும் சோதனைக்கு உரியவரே



காளஹஸ்திக்கு வரும் அன்பர்கள் ஸ்வர்ணமுகி நதிக்கரையில் வாயுலிங்கத்தைத் தரிசித்தபின், கண்ணப்பர் மலைக்கும் ஏறிச் செல்வது வழக்கம். திண்ணனார் என்ற வேடர் தம் கண்ணைப் பெயர்த்து இறைவனுக்கு அப்பிய வரலாறு பெரியபுராணத்தின் வாயிலாக நாம் அனைவரும் அறிந்ததே. அவ்வரலாற்றில் நாம் அதிகம் பேசாத ஒருவர் இருக்கிறார். அவர் சிவகோசரியார் என்னும் அந்தணர். ஆகம முறைப்படி பூசை செய்துவந்த அவர், சந்நிதியில் இறைச்சி கிடக்கக் கண்டு, யாரோ அபசாரம் செய்கிறார்கள் என்று உள்ளம் நொந்தார். இறைவன் அவர் கனவில் தோன்றி, அவ்வேடனுடைய அன்பை எடுத்துரைத்து, மறைந்திருந்து நேரிலேயே காணுமாறு பணித்தார். அவரும் கண்டார், ஐயம் நீங்கினார்.

ஐயம் கொள்வது குற்றமன்று. ஆனால் கொண்ட ஐயம் தீர்வதற்கு வழி இருத்தல் வேண்டும். இவ்வூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், ரேணிகுண்டாவில் திருப்பதி விமான நிலையம் இருக்கிறது. அதன் புதிய கட்டடம் 2015 அக்டோபர் 22-இல் திறந்துவைக்கப்பட்டது. அங்கே யாத்திரிகர்கள் வரிசையில் நின்று தம்மைச் சோதனைக்கு உட்படுத்திக்கொள்வதைக் காணும்போதெல்லாம் சிவகோசரியாரின் நினைவு எனக்கு வரும்.

அந்த வரிசையில் நிற்பவர் பெரிய செல்வராயினும் சரி, கூலி வேலைக்குக் கடல் கடந்து செல்பவராயினும் சரி, பையைக் கருவியின் வழியே அனுப்ப வேண்டும். கைகளை விரித்து நிற்க வேண்டும். ஒரு குற்றமும் செய்யாதவர் ஏன் இதற்கு உடன்பட வேண்டும்? இதற்கு விடை நம் அண்மைக்கால வரலாற்றில் இருக்கிறது.

1984 ஆகஸ்ட் 2-ஆம் நாள் இரவு, சென்னை மீனம்பாக்கத்தில் கொழும்பு விமானத்துக்கென்று பெட்டிகளை ஒப்படைத்த ஒருவர் விமானத்தில் ஏறவில்லை. பெட்டிகள் நிலையத்திலேயே தங்கின. வெடிகுண்டு இருப்பதாகத் தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. எனினும் அவை வேளையோடு அப்புறப்படுத்தப்படவில்லை. குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் இலங்கையர். அங்கே எச்சரிக்கைக்குக் குறைவில்லை. அதைக் கேட்டு உடனே செயற்பட வேண்டிய பொறுப்பே தவறியது.

அடுத்த ஆண்டு, 1985 ஜூன் 23-இல், கனிஷ்கா என்னும் ஏர் இந்தியா விமானம் அயர்லாந்துக்கு அருகே கடலின் மேல் வெடித்துச் சிதறி, 329 பேர் உயிரிழந்தனர். உரியவர் ஏறாத பெட்டியொன்று அதிலும் இருந்தது. அன்று டொரண்டோ நிலையத்தில் எக்ஸ்ரே கருவி பழுதாகிவிட்டது. மாற்றாகக் கொடுக்கப்பட்ட கைக்கருவியைப் பயன்படுத்தியவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. நம் நாட்டில் 1987-இல் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் தனித் துறையாக ஆக்கப்பட்டதற்கு இத்துயரமே காரணம். கனடாவிலோ, முன்னாள் நீதிபதி ஜான் மேஜரின் விசாரணை ஆணையம் நேர்ந்த தவறுகளை ஒவ்வொன்றாக வெளியிட்டதும், நாட்டின் பிரதமர் மன்னிப்புக் கேட்டதும் 2010-ஆம் ஆண்டில்தான். உறவினரை இழந்தவர்கள் 25 ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

ஆகவே, சோதனை வேண்டும் என்பதில் நமக்கு இரு கருத்து இல்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவலர் பயணியின்மீது ஐயம் கொண்டால், அதைத் தீர்த்துக்கொள்ள அவரிடம் கருவி இருக்கிறது. ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிடலாம். பயணி காவலர்மீது ஐயம் கொண்டால் அதைத் தீர்க்கும் கருவி எது? அதற்குப் பெயர்தான் பொறுப்புடைமை. மார்பில் தெரியும் பெயர், முறையீட்டைக் கேட்கும் மேலதிகாரி, கேட்டபின் வரும் பதில், தவறு நேர்ந்தால் வெளிப்படையான விசாரணை ஆகிய இவையே பயணியின் கையில் உள்ள கருவிகள்.

செயற்கைக் காலுடன் நடனமாடிப் புகழ்பெற்ற சுதா சந்திரன் அவர்கள், விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் அக்காலைக் கழற்றச் சொல்வது தம்மை எவ்வளவு புண்படுத்துகிறது என்று 2021 அக்டோபரில் பிரதமரை விளித்துப் பகிரங்கமாக எடுத்துரைத்தார். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. தவிர்க்க முடியாத நிலையில்தான் அவ்வாறு கழற்றச் சொல்லலாம் என்பதே விதி என்றும் விளக்கியது. அந்தப் பதில் மெச்சத்தக்கதே. ஆனால் புகழ்பெற்ற கலைஞருக்கு ஒருநாளில் கிட்டிய பதில், பெயர் அறியப்படாத ஒரு மூதாட்டிக்கும் கிட்டுமா? மக்களின் நம்பிக்கை உறுதிப்படுவதும் குலைவதும் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்ததாகும்.

விதியைக் காரணத்தோடு விளக்கினால் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். தேங்காயில் எண்ணெய்ப் பசை உண்டு, எளிதில் தீப்பற்றும், ஆதலால் அதைக் கையோடு கொண்டுசெல்லலாகாது என்று விதித்திருந்தார்கள். 2022-ஆம் ஆண்டின் சபரிமலைக் காலத்தில், இருமுடித் தேங்காயைத் தக்க சோதனைகளுக்குப் பின் பயணியருடன் அனுமதிக்கப் பணியகம் இசைந்தது. பக்தர்களும் சோதனைக்கு இசைந்தார்கள். பாதுகாப்பும் குறையவில்லை, பக்தியும் புண்படவில்லை.

பாதுகாப்பு முறைகள் எல்லாவற்றையும் ஊரறியச் சொல்ல முடியாது என்பார்கள். அது உண்மையே. முறைகளை மறைத்துவைக்கலாம், ஆனால் அவற்றை நடத்துபவர் யார், அவர் யாருக்கு விடை சொல்ல வேண்டியவர் என்பதை மறைத்தல் தகாது.

நமக்கும் கடமை உண்டு. அறியாதவர் தரும் பொட்டலத்தை வாங்கிச் செல்லலாகாது. வெடிகுண்டு என்று வேடிக்கைக்கும் சொல்லலாகாது. கடமையைச் செய்யும் காவலரிடம் சீற்றம் கொள்ளலாகாது. பெண்களைப் பெண் காவலரே திரை மறைவில் சோதிக்க வேண்டும் என்பது போன்ற விதிகளை அறிந்திருந்து, குறை நேர்ந்தால் முணுமுணுத்துவிட்டுப் போகாமல் முறையாக எழுதித் தெரிவிக்க வேண்டும். எழுதியவருக்குப் பதில் வர வேண்டும்.

தெரிந்து தெளிதல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராய்ந்து நம்புவதே நம்பிக்கை. அந்த ஆராய்ச்சி வரிசையில் நிற்பவருக்கு மட்டும் உரியதன்று. வரிசையை நடத்துபவருக்கும் உரியது. சிவகோசரியாருக்குக் கண்டு தெளிய ஓர் இடம் கிடைத்தது போல, பொதுமக்களுக்கும் கண்டு தெளிய ஓர் இடம் கிடைக்க வேண்டும். அப்பொழுது, கைகளை விரித்து நிற்கும் அந்த ஒரு நிமிஷத்தில் எவருக்கும் தலைகுனிவு இராது.